குறை சொல்லும்போது மட்டும் என் ஆங்கிலம் ஏன் சண்டையாகக் கேட்கிறது?

மார்ச் 3, இரவு 9.50 (கேள்வி)

அக்கா, நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 4 வருடம் ஆகிறது. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரோடு மெயில், போன் கால் எல்லாம் நான்தான். ஆங்கிலம் சரளமாகவே வரும். ஆனால் ஏதாவது குறை சொல்ல வேண்டிய நேரம் வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுகிறேன். போன வாரம் லேப் டிப் (கலர் சரியா என்று பார்க்க அனுப்பும் சாயத் துணித் துண்டு) அப்ரூவல் 11 நாளாக வரவில்லை. துணி டையிங் யூனிட்டில் சும்மா கிடக்கிறது, ஷிப்மெண்ட் தேதியை மட்டும் தள்ளித்தர மாட்டார்கள். வீடியோ காலில் இதைச் சொன்னேன். பையர் பக்கத்தில் பேசிய அந்தம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. மறுநாள் எங்கள் முதலாளிக்கு மெயில் வந்தது, உங்கள் ஆள் கோபமாகப் பேசினார் என்று. சத்தியமாக நான் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நான் படித்த ஸ்போக்கன் இங்கிலீஷ் இன்ஸ்டிட்யூட்டில் 93 சதவீதம் பாடி லாங்வேஜும் குரலும்தான், வார்த்தை வெறும் 7 சதவீதம் என்றார்கள். அப்படியென்றால் என் பாடி லாங்வேஜ்தான் தப்பா?

மார்ச் 3, இரவு 11.15

தம்பி, முதலில் அந்த 93 சதவீதத்தை ஓரமாக வையுங்கள். அந்தக் கணக்கு 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த 2 சோதனைகளிலிருந்து வந்தது. ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு குரலில் பதிவு செய்து, முகப் படங்களையும் காட்டி, பேசியவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். வார்த்தை ஒன்றும் குரல் ஒன்றுமாக முரண்படும்போது ஆட்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் அதிலிருந்து தெரிந்தது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 11 நாள் அப்ரூவல் வரவில்லை என்ற செய்தியில் 93 சதவீதத்தை முகத்தால் சொல்ல முடியுமா, யோசித்துப் பாருங்கள். வார்த்தைக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொடுத்து அனுப்பும் இடங்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. வார்த்தையில் இருக்கும் சிக்கலை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகுகிறார்கள்.

நீங்கள் அன்றைக்குச் சொன்ன வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள். கூடவே, அதே விஷயத்தைத் தமிழில் நம்ம ஊர் ஆளிடம் சொன்னால் எப்படிச் சொல்வீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

மார்ச் 4, காலை 6.40

எழுதியதற்கு நன்றி. மற்றவர்களும் பார்க்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

ஆங்கிலத்தில் சொன்னது: "மேடம், வொய் யூ ஆர் நாட் கிவிங் அப்ரூவல்? லெவன் டேஸ் ஓவர். யூ மஸ்ட் கிவ் டுடே. அதர்வைஸ் ஷிப்மெண்ட் டிலே, வி ஆர் நாட் ரெஸ்பான்சிபிள்."

தமிழில் சொல்லியிருக்கக்கூடியது: "மேடம், ஏனுங்க இன்னும் அப்ரூவல் வரலீங்க? 11 நாளாயிருச்சுங்க. இன்னைக்கு எப்படியாவது குடுத்தரணுங்க. இல்லீன்னா ஷிப்மெண்ட் தள்ளிப்போயிருமுங்க, அப்புறம் எங்க மேல வரக்கூடாதுங்க."

பாருங்கள். தமிழில் "ங்க" 6 இடத்தில் வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக இருப்பது முதலில் வந்த ஒரே ஒரு "மேடம்".

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் தமிழ் வாக்கியங்களில் "நீங்க" என்ற சொல்லே இல்லை. அப்ரூவல் வரலை. அவ்வளவுதான். யார் அனுப்பவில்லை என்று நீங்கள் விரல் நீட்டவில்லை, மழை வரலை என்பது போல அப்ரூவல் வரலை. ஆங்கிலத்துக்குப் போனதும் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காதே என்ற பயத்தில் "யூ" என்று தொடங்கிவிட்டீர்கள், அதுவும் 2 தடவை. அந்தம்மாவின் காதில் முதல் வாக்கியத்திலேயே குற்றச்சாட்டு விழுந்துவிட்டது.

அப்புறம் அந்த "மஸ்ட்". நம்மிடம் "ணும்" என்பதற்கு 3 வேலை. "பணத்தைக் கட்டணும்" என்றால் கட்டாயம். "நீங்க கல்யாணத்துக்கு அவசியம் வரணும்" என்றால் அன்பு. "கொஞ்சம் பார்க்கணுங்க சார்" என்றால் கெஞ்சல். பள்ளிக்கூடத்தில் "ணும்" என்றால் "மஸ்ட்" என்று ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது கட்டாயத்துக்கு மட்டும் பொருந்தும். கெஞ்சலுக்கு அதைப் போட்டால் உத்தரவாகிவிடும்.

ஆக, உங்கள் தமிழ் வாக்கியம் தப்பே இல்லை, அருமையான வாக்கியம். அதிலிருந்த மரியாதை முழுக்க வினையின் வாலில் உட்கார்ந்திருந்தது. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது.

மார்ச் 4, காலை 6.55

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். எழுவாய் வேண்டும் என்பதால் "யூ" வந்தது என்று எழுதினேன். "த அப்ரூவல் ஹேஸ் நாட் கம்" என்று சொல்லியிருக்கலாமே, அதிலும் எழுவாய் இருக்கிறது. ஆகவே இலக்கணம் உங்களை அங்கே தள்ளவில்லை, வேறு எதுவோ தள்ளியிருக்கிறது. யோசித்துவிட்டு எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

மார்ச் 4, இரவு 10.30

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்.

நம்ம ஊரில் ஒருவர் கோபத்தின் உச்சிக்குப் போகும்போதுதான் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார். கவனித்திருக்கிறீர்களா? ஒரு வங்கியில் நான் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெரியவர் கால் மணி நேரம் தமிழில், "பாஸ்புக் பதிஞ்சு தரச் சொல்றாங்க, மெஷின் ரிப்பேருங்கிறாங்க, நான் எத்தனை தடவைம்மா வர்றது" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திடீரென்று நெஞ்சை நிமிர்த்தி, "வாட் இஸ் திஸ்? ஐ வில் கம்ப்ளைண்ட் டு மேனேஜர்" என்றார். 3 தலை ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. அவருக்கு நாற்காலி வந்தது.

சின்ன வயதிலிருந்து நாம் பார்க்கும் ஆங்கிலக் குறைசொல்லல் இதுதான். நம் காதில் ஆங்கிலம் என்பதே குரலை உயர்த்தும் மொழி, பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் கடைசியாக உருவும் ஆயுதம். அதனால் ஆங்கிலத்தில் குறை சொல்லப் போகும்போது உடம்பும் தானாக அந்த நிலைக்குப் போய்விடுகிறது, நாக்கில் "வொய் யூ", "யூ மஸ்ட்" என்றுதான் வருகிறது. மென்மையாகக் குறை சொல்லும் ஆங்கிலத்தை நம்மில் பலர் ஒரு தடவைகூடக் காதால் கேட்டதில்லை. கேட்காததை எப்படிப் பேசுவது?

மார்ச் 5, இரவு 9.20

தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, என் இலக்கணம் உடைஞ்சிருக்கே, அதைப் பார்த்து இவனுக்கு ஆங்கிலம் குறைவுன்னு அந்தம்மா விட்டிருக்கலாமே?"

நல்ல கேள்வி. இதற்கு 1983-இல் ஜென்னி தாமஸ் என்ற மொழியியலாளர் தெளிவாகப் பதில் எழுதினார். ஒருவர் இலக்கணத்தில் தவறினால் கேட்பவர், பாவம் மொழி வரவில்லை என்று நினைப்பார். பேசும் முறையில் தவறினால் அப்படி நினைக்க மாட்டார், இந்த ஆளே மரியாதை இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார். அதிலும் சரளமாகப் பேசுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். நீங்கள் 4 வருடமாகச் சரளமாகப் பேசுகிறீர்கள், உங்களுக்கு மொழி வரவில்லை என்று அந்தம்மா நினைக்க வாய்ப்பே இல்லை. அதனால் உங்கள் குணத்தின் மேல் பழி விழுந்தது.

இதோடு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1998-இல் பர்தோவி-ஹார்லிக், டோர்னியே என்ற இருவர் ஹங்கேரியில் ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்கும் அமெரிக்காவில் இருந்து படிக்கும் மாணவர்களுக்கும் சில காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சொந்த ஊரிலேயே படிப்பவர்களுக்கு இலக்கணப் பிழைதான் பெரிய தவறாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு முறை தவறிய பேச்சுதான் பெரிதாகப் பட்டது. நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அப்படியே ஹங்கேரிதான். யாராவது "ஹி டோண்ட்" என்றால் 4 பேர் திருத்துவார்கள். "யூ மஸ்ட் கிவ் டுடே" என்றால் ஒருவருக்கும் உறுத்தாது. இலக்கணப்படி அது சரிதானே.

மார்ச் 5, இரவு 9.45

ஒரு தகவல், கொங்கு நாட்டுக்காரர்களுக்காக. ஆங்கிலப் பணிவைப் பற்றிப் பேசும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் ஆய்வு 1978-இல் முதலில் வெளிவந்தது, 1987-இல் தனி நூலானது. அதில் 3 மொழிகளை அருகருகே வைத்தார்கள். ஒன்று ஆங்கிலம், ஒன்று மெக்சிகோவின் செல்தால், இன்னொன்று தமிழ். அந்தத் தமிழ் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சேகரித்த தமிழ். உலகம் முழுவதும் பணிவைப் பற்றிப் பாடம் எடுக்க நம்ம ஊர்ப் பேச்சு பயன்பட்டிருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளைத்தான் பையர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று மெயில் போடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 7, இரவு 11.05

இப்போது உடம்புக்கு வருகிறேன்.

தம்பி, வீடியோ காலில் பேசும்போது கையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்று பதில். எதிர்பார்த்ததுதான்.

என் அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டியவர். சனிக்கிழமை கூலி. துணியில் டேமேஜ் இருந்தால் கூலியில் பிடிப்பார்கள். அப்பா போய் நிற்பதை நான் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்துவிடும், இரண்டு கையும் நெஞ்சுக்கு மேல் கட்டியிருக்கும், பார்வை தறிக்காரரின் மேசைக் காலில் இருக்கும். கணக்கெல்லாம் முடிந்து, எல்லோரும் கிளம்பிய பிறகு, குரலே வெளியே வராமல், "நூல் கொஞ்சம் அறுந்துட்டே இருக்குதுங்க" என்பார். அவ்வளவுதான் மொத்தக் குறையும். நீங்க குடுத்த நூல் மட்டம், அதனால்தான் டேமேஜ், கூலியில் ஏன் பிடிச்சீங்க என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. எதிரில் இருந்தவருக்கும் முழுதாகப் புரிந்தது. சில வாரம் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பார், சில வாரம் கேட்காதது போல இருந்துவிடுவார்.

நம் பிள்ளைகளின் உடம்பில் இது ஊறியிருக்கிறது. கையைக் கட்டினால் மரியாதை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே, "கையைக் கட்டு, வாயைப் பொத்து". அந்தப் பழக்கத்தோடு வீடியோ காலில் உட்கார்ந்து குறை சொல்கிறார்கள். அந்தப் பக்கத்துக்காரருக்கோ நெஞ்சின் மேல் கட்டிய கை என்றால் இவர் இறங்கி வர மாட்டார் என்று அர்த்தம். நீங்கள் காட்டியது பணிவு, அவர் பார்த்தது பிடிவாதம். சிரிப்பும் அப்படித்தான். தர்மசங்கடத்தில் நாம் சிரிப்போம், பெரியவரிடம் குறை சொல்லும் சங்கடத்தை மறைக்கிற சிரிப்பு அது. கட்டிய கை, "யூ மஸ்ட்", மேலே ஒரு சிரிப்பு, மூன்றும் ஒன்று சேர்ந்தால் ஏளனமாகத் தெரிந்திருக்கும். அந்தம்மா முகம் மாறியதில் ஆச்சரியமில்லை.

இதைக் கேட்டு உங்கள் பழக்கத்தைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். அப்பா நின்றதற்குப் பின்னால் சாதியும் கூலியும் இருந்தன, யாரை நீங்க என்பது, யாரை நீ என்பது என்பதற்கெல்லாம் ஊரில் கணக்கு இருந்தது. மேலே இருப்பவரிடம் குறை சொல்லும் உரிமையே இல்லாத வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் என் வகுப்பில் பாதிப் பேர். அவர்களிடம் போய், கான்ஃபிடன்ஸாகப் பேசு என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம்.

மார்ச் 8, காலை 7.10

இன்னொரு சின்ன விஷயம், நேற்று விட்டுப்போனது. உச்சுக்கொட்டுவது. எதிரில் இருப்பவர் "எங்கள் டிசைனருக்கு உடம்பு சரியில்லை, அதனால் தாமதம்" என்றால் நாம் "ச்சு ச்சு" என்போம், அடப்பாவமே என்ற அர்த்தத்தில். ஆங்கிலம் பேசுகிறவர்களின் காதில் அந்தச் சத்தம் பெரும்பாலும் கண்டிப்பு. குழந்தையைத் திட்டும்போது அவர்கள் எழுப்பும் சத்தம் அது. குறை சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில், அவர் காரணம் சொன்னதும் நீங்கள் உச்சுக்கொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ஓ, ஐம் சாரி டு ஹியர் தட்" என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

தலையாட்டலும் உண்டு. சரி சரி என்று பக்கவாட்டில் ஆட்டுவதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஒரு "யெஸ்" சேர்த்துக்கொண்டால் போதும்.

மார்ச் 9, இரவு 10.00

நான் செய்த ஒரு தவறை இங்கே எழுத வேண்டும். 2 வருடத்துக்கு முன்பு வரை "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண், பட்டன் சப்ளையரிடம் குறை சொல்வது போன்ற பயிற்சி. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என் கண்ணையே பார்த்தாள், இமைக்கவில்லை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, வார்த்தை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அப்புறம் அழுதுவிட்டாள். "எங்க ஊட்ல இப்படிப் பாத்தா முறைக்கிறாம்பாங்க அக்கா" என்றாள். அவளுக்குக் கண்ணைப் பார்ப்பதும் முறைப்பதும் ஒன்று. முறைத்துக்கொண்டே பணிவாகப் பேசு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. தேதி சொல்லும்போது, எண்ணிக்கை சொல்லும்போது, கடைசியில் கேட்கும்போது மட்டும் நிமிர்ந்து பாருங்கள் என்கிறேன். மற்ற நேரம் நோட்டைப் பார்க்கலாம், சாம்பிளைப் பார்க்கலாம். சாம்பிள் துணியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. கை கட்டிக்கொள்ளாது, 2 பேரும் பார்ப்பதற்குப் பொதுவாக ஒரு பொருள் இருக்கும், குறை ஆள் மேல் இல்லாமல் துணி மேல் போகும்.

மார்ச் 11, இரவு 9.30

குரல். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஜான் கம்பர்ஸ் 1982-இல் எழுதிய ஒரு சம்பவம். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். சாப்பிட வருகிறவர்களிடம் குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்கு, "கிரேவி" என்று ஒரே சொல்தான். பிரிட்டிஷ் பெண்கள் குரலை மேலே ஏற்றி, "கிரேவி?" என்பார்கள். இவர்கள் குரலைக் கீழே இறக்கி, "கிரேவி" என்பார்கள். இவர்களுக்கு அது சாதாரணமாகக் கேட்பது. கேட்டவர்களுக்கோ, இதுதான் குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்பது போல விழுந்தது. சிடுமூஞ்சிகள் என்று பெயர் வந்துவிட்டது. நாங்கள் என்ன தப்பு செய்தோம், நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று இந்தப் பெண்களும் குமுறிக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்து இரு தரப்புக்கும் போட்டுக்காட்டிய பிறகுதான் ஒரு சொல்லின் ஏற்ற இறக்கம் இத்தனை வேலை செய்திருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் வகுப்பில் நடப்பது இதற்குப் பக்கத்து வீட்டு விஷயம். நாம் அழுத்திச் சொல்ல வேண்டியதை ஒரு எழுத்தால் அழுத்துகிறோம். "நேத்தே அனுப்பிட்டோம்" என்றால் அந்த "ஏ" போதும். "நீங்கதானே சொன்னீங்க" என்றால் "தானே" போதும். ஆங்கிலத்தில் ஏகாரமும் இல்லை, தானும் இல்லை. அங்கே குரல்தான் அதைச் செய்ய வேண்டும், அதுவும் ஒரு சொல்லின் மேல் மட்டும். நம்மவர்களுக்கு அது தெரியாததால் முழு வாக்கியத்தையும் உரக்கச் சொல்கிறார்கள். உரக்கச் சொன்னால் அழுத்தம் என்று நமக்கு, கத்துகிறார் என்று அவர்களுக்கு.

நான் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது, பல வருடமாக வகுப்பில் பயன்படுத்துகிறேன். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஏகாரமோ தானோ எந்தச் சொல்லில் ஒட்டுகிறது என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள், மற்றதையெல்லாம் சாதாரணமாக விடுங்கள். "திங்கட்கிழமையே அனுப்பிட்டோம்" என்றால் "வி சென்ட் இட் ஆன் மண்டே" என்பதில் மண்டே மட்டும். "நாங்கதான் அனுப்பினோம்" என்றால் "வி" மட்டும். பிள்ளைகள் இதை 10 நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். நமக்கு ஏகாரம் எங்கே வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே, அதுதான் காரணம்.

மார்ச் 12, காலை 6.30

நேற்று வகுப்பில் நடந்தது. "வி வேர் ஹோப்பிங் டு கெட் த அப்ரூவல் திஸ் வீக்" என்று எழுதிப்போட்டேன். ஒரு பையன் எழுந்து, "அக்கா, வேர்னா இறந்தகாலம். அப்ப இப்ப ஹோப் இல்லீங்களா? விட்டுட்டமா?" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான். ஆனால் அவன் கேட்டது சரி. ஆங்கிலத்தில் பணிவுக்கு ஒரு எட்டு பின்னால் நிற்பார்கள், காலத்தில் பின்னால். நாம் "இந்த வாரம் கெடைச்சா நல்லாருக்குமுங்க" என்று முன்னால் தள்ளி, நடக்காத ஒன்றைப் போலச் சொல்வோம். எட்டு வைக்கும் திசைதான் வேறு. அப்புறம் அவனே கேட்டான், "நல்லாருக்கும்னே சொல்ல முடியாதா?" முடியும். "இட் வுட் பி கிரேட் இஃப் வி குட் கெட் இட் திஸ் வீக்". நம் வாக்கியம் கிட்டத்தட்ட அப்படியே போய் உட்காருகிறது. இனி முதலில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "வேர் ஹோப்பிங்" அப்புறம்.

மார்ச் 14, இரவு 10.50

தம்பி, இன்னொரு கோணம், 2 நாளாக மனதில் ஓடுகிறது. அந்தம்மா எந்த நாடு? டென்மார்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவரும் ஆங்கிலத்தைப் படித்துப் பேசுகிறவர்தான். 1995-இல் அன்னா ட்ராஸ்போர்க் ஆய்வு செய்ததே டென்மார்க்காரர்கள் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்கிறார்கள், குறை சொல்கிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பதைத்தான். எந்த ஊர்க்காரருக்கும் அந்நிய மொழியில் குறை சொல்வது பாடமாகப் படிக்க வேண்டிய விஷயம். நாளைக்கு அந்தம்மா "திஸ் இஸ் நாட் அக்செப்டபிள்" என்று ஒரு வரி மெயில் போட்டால் கன்னத்தில் அறைந்தது போல எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய "ங்க"வும் எங்கேயாவது வழியில் விழுந்திருக்கலாம்.

குறை சொல்வதை ஏணிப்படி போல எலைட் ஓல்ஷ்டைன், லியோரா வைன்பாக் இருவரும் 1987-இல் அடுக்கினார்கள். கடைசிப் படி வரை 5. குறையையே தொடாமல் ஜாடையாகச் சொல்வது, பிடிக்கவில்லை என்று மட்டும் காட்டுவது, வெளிப்படையாகக் குறை சொல்வது, குற்றம்சாட்டி எச்சரிப்பது, மிரட்டுவது. என் அப்பா முதல் படியிலேயே வாழ்நாள் முழுக்க நின்றார். வங்கிப் பெரியவர் முதல் படியிலிருந்து நேராகக் கடைசிக்குப் போனார். நீங்களும் அதே மாதிரி. முதல் 10 நாள் "எனி அப்டேட் மேடம்", 11-ஆம் நாள் "வி ஆர் நாட் ரெஸ்பான்சிபிள்". நடுவில் இருக்கிற மூன்றாம் படி, மிரட்டாமல் மறைக்காமல் இதுதான் பிரச்சினை என்று சொல்கிற படி, அங்கே நிற்க நமக்குக் கால் பழகவில்லை. என் வகுப்பு முழுக்க அந்த ஒரு படிக்காகத்தான்.

மார்ச் 14, இரவு 11.30

வாக்கியம் எழுதித் தரச் சொன்னீர்கள். இதோ. "ஐம் காலிங் அபௌட் த நேவி லேப் டிப். வி ஸ்டில் ஹேவண்ட் காட் த அப்ரூவல். த ஃபேப்ரிக் இஸ் வெயிட்டிங் அட் த டையிங் யூனிட். இஃப் வி கெட் இட் பை தர்ஸ்டே, வி கேன் ஸ்டில் மேக் த ஷிப்மெண்ட் டேட்."

எதற்குப் பேசுகிறேன், என்ன குறை, ஏன் அது குறை, என்ன செய்தால் சரியாகும். மர்ஃபி, நியூ என்ற இருவர் 1996-இல் மதிப்பெண் குறைந்ததற்காகப் பேராசிரியரிடம் போகும் அமெரிக்க மாணவர்களின் பேச்சில் இந்த 4 துண்டுகளைத்தான் கண்டார்கள். அதே இடத்தில் கொரிய மாணவர்கள் பலர் குறை சொல்வதற்குப் பதிலாகப் பேராசிரியரையே விமர்சித்துவிட்டார்கள். கொரிய மொழியும் வினையின் வாலில் மரியாதையை வைக்கிற மொழிதான். அந்தப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கு நடந்ததுதான் நடந்ததோ என்னவோ, எனக்கு அப்படிப்படுகிறது.

இதில் "யூ" ஒன்றுகூட இல்லை, எண்ணிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தில் "ஸ்டில்" மேல் அழுத்தம். தமிழில் "இன்னுமே வரலீங்க" என்று ஏகாரம் விழும் இடம்.

மார்ச் 19, இரவு 8.15 (கேள்வி கேட்டவர்)

அக்கா, இன்னைக்கு வேற ஒரு கலர். அதே அம்மா. லேப் டிப் அட்டையைக் கையில் பிடிச்சுக்கிட்டேன். நடுவில் ஒரு தடவை கை தானா கட்டப் போச்சு, அட்டை இருந்ததால நின்னுடுச்சு. "ஸ்டில்" மேல அழுத்தினேன். அவங்க அமைதியா கேட்டாங்க, அப்புறம், "யெஸ், தட்ஸ் அவர் மிஸ்டேக்" அப்படின்னாங்க. 3 ஆப்ஷன்ல பி-யை அங்கேயே பார்த்து ஓகே பண்ணிட்டாங்க. ஆனா அவங்க மிஸ்டேக்னு சொன்னதும் எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. பழக்கதோஷத்துல "சாரி மேடம்"னு நான் சொல்லிட்டேன்.

மார்ச் 19, இரவு 9.05

அந்த "சாரி" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், தம்பி. பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்த வாரங்களில் அப்பாவும் ஏதோ தப்பு செய்தவர் போலத்தான் வாங்கிக்கொண்டு வருவார். அடுத்த முறை "தேங்க் யூ ஃபார் சார்ட்டிங் இட் அவுட்" என்று சொல்லிப் பாருங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு வர முடிந்தால் வாருங்கள், ஜிப் சப்ளையரிடம் பேச வேண்டிய ஒரு பெண் பயந்துகொண்டிருக்கிறாள், எதிரில் உட்கார்ந்து சப்ளையராகப் பேச ஆள் வேண்டும். அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள்.